மழை பெய்தால் நின்றுபோகும் பீரங்கி வண்டி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மற்ற எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்தது. பாட்டுப் போட்டால் பாடும். கல்லூரிக்கு எழுதிய ப்ரோக்ராமை ஓட்டினால் ஓடும். நான் தப்பாக எழுதியிருந்தால் எந்த வரியில் தப்பு என்று மரியாதையாகச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பீரங்கி வண்டி எதிரியின் முகாமுக்குப் பக்கத்தில் போய் நின்று குழலைத் திருப்பும்போது மட்டும் அப்படியே கல்லாகச் சமைந்துவிடும்.

திரையில் புகை பாதியில் நிற்கும். ஹெட்ஃபோனில் கடைசியாக வெடித்த குண்டின் சத்தம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு 'ட்ர்ர்ர்ர்' என்று கத்தும். மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அம்பு அசையாது. இதில் கொடுமை என்னவென்றால், உலகம் எனக்கு மட்டும்தான் நின்றிருக்கும். மற்றவர்களுக்கு ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் திரையில் என் வண்டி நடுரோட்டில் படுத்த எருமை மாதிரி கிடக்கும். எதிரணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அவசரமே இல்லாமல், சுட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆளும் நான்தான். அதிலும் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் ஸ்விட்ச் உள்ள எந்தச் சாமான் பழுதானாலும் என்னிடம்தான் வரும். மிக்ஸி வந்திருக்கிறது, செல்போன் வந்திருக்கிறது, ஒருமுறை தண்ணீர் இறைக்கிற மோட்டாரே வந்தது. "கம்ப்யூட்டரு படிக்கிற புள்ளதான, பாரு தாயி" என்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதே கிடையாது. கழற்றிப் பார்ப்பேன், துடைப்பேன், மாட்டுவேன். பாதி சாமான்கள் ஓடிவிடும். ஓடாதவற்றுக்கு "ஆயுசு முடிஞ்சிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

கம்ப்யூட்டரை அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்திலிருந்து பழையதாக வாங்கி வந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. ஹார்ட் டிஸ்க் முழுக்கக் கிளி, மயில், சிங்கம், கன்னத்தில் கைவைத்த பெண்கள். அத்தனை பேரையும் காலிசெய்துவிட்டுத்தான் விளையாட்டை ஏற்ற முடிந்தது. அடுத்து பிராட்பேண்ட் வந்தது. அந்தத் திட்டத்தில் பகலில் பார்த்தால் அளவு தீர்ந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு காலை எட்டு மணிவரை எவ்வளவு பார்த்தாலும் கணக்கில்லை. அதனால் அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பீரங்கி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மார்கழி பஜனைக்கு எழுகிற மாதிரி இருட்டோடு எழுந்து, பல் விளக்காமல் சண்டைபோட்டுக்கொண்டிருந்தோம்.

என் அணியின் கேப்டன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவருக்கு அடுத்தபடியாக மெட்ராஸ்காரர் ஒருவர். அவர் விளையாடியதைவிடப் பேசியதுதான் அதிகம். மற்றவர்கள் பேசவே மாட்டார்கள், சுடுவார்கள். நான் அணியில் சேரும்போது பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்றும் போட்டிருந்தேன். படித்த படிப்பை எழுதாமல் வேறு எதை எழுதுவது? மெட்ராஸ்காரர் அன்றைக்கே எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் தடவை கம்ப்யூட்டர் நின்றபோது எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். இரண்டாவது தடவை நின்றது அரையிறுதியில். எப்படியோ தப்பித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு நான் திரும்பி உள்ளே வந்தபோது மெட்ராஸ்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டிகிரி, சிவகாசி வெடி நமுத்துப்போச்சா?"

"ஹேங் ஆயிருச்சு" என்றேன்.

"கம்ப்யூட்டர் படிச்சவ கம்ப்யூட்டரே ஹேங் ஆனா, நாங்கல்லாம் எங்க போறது? டாக்டரு இருமுற மாதிரி கீது."

கேப்டன் இடையில் வந்தார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபைனல்ல நடுவுல நின்னுபோச்சுன்னா நாம தோத்தோம்ங்க. அதுக்குள்ள சரிபண்ணிட்டீங்கன்னா உங்க இடம் உங்களுக்கு. இல்லீன்னா இனிமே சேலத்து டாக்டரைத்தான் எறக்கோணும்."

சேலத்து டாக்டர் என்பவர் பல் டாக்டர். எங்கள் அணியின் உபரி ஆள். அவருடைய வண்டியை எதிரிகள் சுட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்கு முன்பே அவரே ஏரிக்குள் விட்டுவிடுவார். அவருக்குப் பதிலாக நான் என்பது வேறு. எனக்குப் பதிலாக அவர் என்றால், பெயருக்குப் பின்னால் இருக்கிற பி.எஸ்ஸி.யை நானே அழித்துவிட்டு வெளியேறுவதுதான் மரியாதை.

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கினேன். முதலில் வைரஸ் தேடினேன். நிறையக் கிடைத்தது. அச்சகத்திலிருந்து கிளியோடும் மயிலோடும் வந்தவை. எல்லாவற்றையும் கொன்றேன். பிறகு ஓ.எஸ். முழுவதையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். பிறகு பெட்டியைத் திறந்து, ராம் பலகையை உருவி, அதன் பித்தளைப் பற்களை அழி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எங்கள் கல்லூரி லேப்பில் எல்லா வியாதிக்கும் இதுதான் மருந்து. மாலையில் தனியாக உட்கார்ந்து, கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்து விளையாடிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. 'சரியாகிவிட்டது' என்று கேப்டனுக்கு எழுதினேன். அடுத்த ஞாயிறு காலை பயிற்சி ஆட்டத்தில் பாலத்துக்கு நடுவே நின்றது.

இந்த இடத்தில் அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பட்டாசு ஆலையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். கரண்டும் சூடும் சேருகிற எந்தச் சாமானுக்கும் ஆலை விதிகள் பொருந்தும் என்பது அவர் முடிவு. ஆலையில் வெடிமருந்து அறைக்குள் போவதற்கு முன்னால் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பழைய செம்புக் குடத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எங்கள் முன்னறை வாசல் நிலையில் அடித்து, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வாசலில் புதைத்தார்.

"தொட்டுட்டு உள்ள வா தாயி."

"அப்பா, இது மருந்து ரூம் இல்லப்பா."

"ஒடம்புல கரண்டு இருக்குல்ல? அது போயி பெட்டியத் தாக்குது. அதான் மெரண்டு நிக்குது."

செருப்பு கூடாது என்றார். சாவிக்கொத்து கூடாது என்றார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் ஆலையின் பெரிய விதி, அதுவும் வந்தது. அந்த வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து அம்மாவின் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். அப்பா வாசலிலேயே அவர்களை எண்ணினார். இரண்டு பேரை உள்ளே விட்டார். தாம்பாளத்தோடு நின்ற பெரியவரைப் பார்த்து, "மாமா, கோவிச்சுக்கிறாதீக. உள்ள இருக்கிறவுக வெளிய வந்ததும் நீங்க போங்க. அந்தத் தகட்டைக் கொஞ்சம் தொட்டுக்கோங்க" என்றார். பெரியவர் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தில் எங்களுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை கிடைத்தது.

அப்பாவிடமிருந்து பெட்டியைக் காப்பாற்றுவதற்காகவே அதைச் சிவகாசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பேப்பர் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகன் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தார். நான் செய்த வைத்தியத்தை எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார், அவரும் அதையேதான் செய்திருப்பார் என்று தெரிந்தது. அன்று முழுவதும் அந்த விளையாட்டையே ஓட்டிப் பார்த்திருக்கிறார். மாலையில் போனபோது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எறங்க மனசே வரலம்மா. தொளுகைக்குப் போயிட்டு வந்து பாக்கேன், அப்பயும் ஓடுது. இங்கன ஒரு கொறையும் இல்ல. உங்க வீட்லதான் என்னமோ இருக்கு."

வீட்டில் என்ன இருக்கும்? ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது யோசித்தேன். கடையில் நிற்கவில்லை. மாலையில் நிற்கவில்லை. ஞாயிறு காலையில்தான் நிற்கிறது. ஆனால் எல்லா ஞாயிறும் இல்லை. நடுவில் ஒரு ஞாயிறு ஆட்டம் முழுக்க ஓடி, நான் நாலு வண்டிகளைச் சுட்டிருந்தேன். அன்று நல்ல வெயில். தனியாக ஓட்டிப் பார்த்த மாலையிலும் மழை இல்லை. நின்ற நாட்கள் எல்லாம் மழை நாட்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மழையில் டெலிபோன் கம்பி நனைகிறது, லைன் தடுமாறுகிறது, விளையாட்டு நிற்கிறது. இவ்வளவு சுத்தமாக யோசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த கல்வியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

லைன்மேனை வரவழைத்தேன். அவர் கம்பத்தில் ஏறி, இறங்கி, "லைன்ல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார். இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டதற்காகக் கம்பத்துப் பெட்டிக்கு ஒரு பாலித்தீன் பையைத் தொப்பி மாதிரி கட்டிவிட்டுப் போனார்.

இந்தக் களேபரத்தில் அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போனால் என்னை ஊக்கப்படுத்தியது அவள் மட்டும்தான். மழைக்கால ஞாயிறுகளில் விடியுமுன்பே காப்பியோடு வந்து எழுப்புவாள். "எந்திரி தாயி, வண்டி ஓட்ட வேணாமா?" என்பாள். மற்ற வீடுகளில் பெண்பிள்ளை கம்ப்யூட்டரில் விளையாடினால் வயரைப் பிடுங்குவார்கள். எங்கள் அம்மா மட்டும், "இன்னொரு ஆட்டம் ஆடேன், அதுக்குள்ள என்ன அவசரம்" என்பாள். தான் பார்க்காத படிப்பை மகள் பார்க்கிறாளே என்று அவளுக்கு இருக்கிற மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகவே அந்தக் காப்பியைச் சொட்டு விடாமல் குடிப்பேன்.

அம்மாவுக்கும் மழைக்கும் அந்த வருஷம் பெரிய பகை. அவள் பிறந்த மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயம். மழை வந்தால் வாசலில் நின்று கும்பிடுவார்கள். வாக்கப்பட்டு வந்த ஊரில் மழை வந்தால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அம்மா வீட்டில் இருந்தபடி வெடிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் காகிதமும் மைதாப் பசையும்தான். ஆலைக்குப் போன பிறகுதான் அதற்குள் மருந்து ஏறும். சுற்றிய குழாய் நன்றாகக் காய வேண்டும். ஈரமாக இருந்தால், ஆலைக்கு வாங்கிப்போக வருகிற ஏஜெண்ட் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பிவிடுவார். முற்றத்தில் வெயில் இல்லாததால் குழாய் எல்லாம் உள்ளறையில்தான் கிடந்தது.

வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே எதற்கு ஜன்னல் என்று கட்டிய கொத்தனாருக்குத்தான் தெரியும். கம்பி கிடையாது, கதவும் கிடையாது, வெறும் சட்டம். கம்ப்யூட்டர் மேஜையை அந்த ஜன்னலை ஒட்டிப் போட்டு, பெட்டியின் முதுகை ஜன்னலுக்குக் காட்டி வைத்திருந்தோம். பெட்டியின் சூடான காற்று அந்தப் பக்கம் போய்விடும் என்பது என் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

இறுதிப் போட்டி அன்று, முந்தின நாள் சாயங்காலமே பிடித்த மழை விடவில்லை. எனக்குக் கவலை இல்லை. கம்பத்துக்குத் தொப்பி போட்டாயிற்று. அம்மா காப்பியோடு எழுப்பினாள். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். மைக்கை எல்லோரும் திறந்து வைக்க வேண்டும் என்று கேப்டன் உத்தரவு.

"தங்கச்சி, சரிபண்ணிட்டீங்கதானுங்க?"

"பண்ணிட்டேன் அண்ணா. லைன் பிரச்சினை."

"டாக்டர் வெளிய ரெடியா கீறாரு, சொல்லிட்டேன்" என்றார் மெட்ராஸ்காரர்.

ஆட்டம் தொடங்கியது. ஆற்றைக் கடந்தேன். ஒரு வண்டியைக் கொளுத்தினேன். "சூப்பருங்க" என்றார் கேப்டன். மலைச்சரிவில் ஏறி எதிரி முகாம் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்தபோது படம் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. நிற்பதற்கு முன்னால் எப்போதும் இப்படித்தான் இழுக்கும். வண்டியை ஒரு பாறைக்குப் பின்னால் மறைத்துவிட்டுப் பெட்டியின் தலையில் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

லைன் நனைந்தால் பெட்டி ஏன் சுட வேண்டும்? ஒருவேளை பின்னால் இருக்கிற ஃபேன் ஓடவில்லையோ என்று தோன்றியது. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே வலது கையைப் பெட்டிக்குப் பின்னால் ஜன்னல் வழியாக நீட்டித் துழாவினேன். காற்று வரவில்லை. காற்று வர வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு இருந்தது. சாக்குக்கு அடியில் கையை விட்டேன். வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று, உருண்டை உருண்டையாக, நிறைய இருந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினேன். ஒரு கை அகப்பட்டது.

அந்தக் கை என் கையைப் பிடித்தது. நான் கத்திய கத்தலில் அந்தப் பக்கமும் கத்தியது.

"ஆத்தாடி! யாருடி அது!"

"எம்மா? நீ அங்கன என்ன செய்ற?"

"நீ எதுக்குடி கைய விட்ட? குளாய் அம்புட்டும் நசுங்கிப்போச்சு!"

ஹெட்ஃபோனில் மெட்ராஸ்காரரின் பதறிய குரல் கேட்டது. "டிகிரி! இன்னாமா ஆச்சு? திருடன் பூந்துட்டானா? கேப்டன், போலீஸுக்குப் போன் போடு!"

ஹெட்ஃபோனைக் கழற்றி, பேச்சை ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தில், பெட்டியின் முதுகோடு முதுகாக, அம்மா அரிசி புடைக்கிற சுளகைச் சாய்த்து வைத்திருந்தாள். சுளகு நிறைய ஈரக் குழாய்கள். சூடு வெளியே போய்விடாமல் இருக்க, இட்லிப் பானையைத் துணி போட்டு மூடுகிற மாதிரி, சுளகையும் பெட்டியையும் சேர்த்து ஒரு சாக்கால் மூடியிருந்தாள். எப்போது எடுப்பாள் என்றும் உடனே புரிந்தது. கம்ப்யூட்டர் நின்று, நான் அணைத்ததும் காற்று நின்றுவிடும். அவளும் சுளகைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது பின்னால் ஒன்றும் இருக்காது.

"எம்மா, இத்தன நாளா நீதானா?"

"என்னத்தடி நானு? வீணாப் போற காத்துதான?"

"அதனாலதான்ம்மா பெட்டி நிக்குது! எத்தன நாளா அத நான் கழட்டி மாட்டுறேன், நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"நீ படிச்ச புள்ள, என்னமோ படிப்புக்குக் கழட்டுறன்னு நெனச்சேன்."

"அதுக்கு மத்த நாள் வெச்சிருக்கக் கூடாதா? நான் வெளாடுறப்பத்தான் வெக்கணுமா?"

அம்மா என்னை அறியாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீ எளுதுறப்ப வெதுவெதுன்னுதான் வருது. அது எந்த மூலைக்கு? அந்த வண்டிய ஓட்டுறப்பதான் நல்லா கொதியா ஊதுது. அதான் மளை நாள்ல காப்பி போட்டு எளுப்பி விடுறேன்."

"அப்ப அந்தக் காப்பி..."

"பின்ன?"

ஸ்பீக்கரிலிருந்து யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. அதற்கு மேல் கேப்டனின் குரல்: "தங்கச்சி, குடும்ப விஷயத்துல தலையிடறேன்னு நெனைக்காதீங்க. அந்தப் பாறைக்கு ரெண்டு வண்டி வருதுங்க."

"எம்மா, எடு!"

"எடுத்துட்டு? ஏஜெண்டு இப்ப வந்துருவான். தீபாவளிக்கு இதான் கடைசி லோடு. ஈரத்தோட குடுத்தா அடுத்த சீசனுக்கு ஆர்டரே குடுக்க மாட்டான். ஒன் வண்டி நின்னா திருப்பி ஓடும். இது நனஞ்சு போனா?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். "ஒட்டி வெச்சாத்தான்ம்மா அடைக்குது. ஒரு முழம் தள்ளிப் பிடி. காத்து வெளிய வரும், குழாயும் காயும்."

"தள்ளிப் பிடிச்சா காத்து எப்பிடிப் படும்?"

"படும்மா. அடுப்ப ஊதுறப்ப ஊதாங்குழல நெருப்புக்குள்ளயா வைக்கிற?"

அந்தப் பக்கம் சுளகை வைக்க ஸ்டூல்கூட இல்லை. அம்மா அதை இரண்டு கைகளாலும் தூக்கி ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து குழாய்களில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "படத்தான் செய்யுது" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். பாறைக்கு இடது பக்கம் வந்த வண்டியைச் சுட்டேன். வலது பக்கத்தவனைக் கேப்டன் பார்த்துக்கொண்டார். சரிவில் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் படம் மறுபடியும் இழுத்தது. அம்மாவுக்குக் கை வலித்துச் சுளகு மெல்ல மெல்லப் பெட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"எம்மா, தள்ளி!"

சுளகு போனது. படம் சரியானது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது. இப்போது நான் கத்துவதற்கு முன்னால் மெட்ராஸ்காரர் கத்தினார். அவருடைய திரையில் என் வண்டி விக்கல் எடுத்த மாதிரி துள்ளியதாம். "அம்மா! தள்ளிப் புடிமா!"

ஜன்னல் வழியாக அம்மாவின் தலை தெரிந்தது. "யாருடி அது, என்னைய அதட்டுறது?"

"மெட்ராஸ்காரரும்மா. எங்க அணி."

"கை வலிக்கி. அம்புட்டு அக்கறன்னா அவன வந்து புடிக்கச் சொல்லு."

"இப்ப வர முடியாதும்மா, என்னையே மூணு பேரு சுத்தி நிக்கிறானுங்கோ" என்றார் அவர் பணிவாக. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வண்டி எரிந்தது. எரிந்த பிறகு அவருக்கு வேறு வேலை இல்லாததால், முழுநேரமாக அம்மாவுக்குச் சுளகு பிடிக்க வழிகாட்டினார். "கொஞ்சம் பின்னாடிம்மா. அவ்ளோதான். அப்படியே நில்லும்மா." அம்மா அவரைத் திட்டிக்கொண்டே சரியாகப் பிடித்தாள்.

கடைசியில் நானும் கேப்டனும் எதிரணியில் இரண்டு பேரும் மிஞ்சினோம். முகாமின் வட்டத்துக்குள் போய்ச் சற்று நேரம் தாக்குப்பிடித்தால் வெற்றி. நான் போய் வட்டத்துக்குள் நின்றேன். அசையாமல் நின்றேன். எதிரிகள் இருவரும் மேட்டில் வந்து பார்த்தார்கள். நான் சுடவில்லை; குண்டு ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் பொது அரட்டையில் எழுதியது எனக்கும் தெரிந்தது: 'சிவகாசி வண்டி ஹேங். அப்புறம் பார்த்துக்கலாம்.' இருவரும் என்னை விட்டுவிட்டுக் கேப்டனைத் தேடிக் கிளம்பினார்கள். என் புகழ் அந்த அளவுக்குப் பரவியிருந்தது எனக்குத் தெரியாது. குண்டு ஏறியதும் பின்னால் போனவனை முதுகில் சுட்டேன். மற்றவன் திரும்புவதற்குள் வட்டத்தில் நிற்க வேண்டிய நேரம் நிறைந்து, திரையில் கோப்பை வந்தது.

கோப்பை என்றால் ஒரு படம். அலமாரியில் வைக்க முடியாது. ஆனாலும் நான் எழுந்து நின்று பார்த்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா ஜன்னலில்.

"ஜெயிச்சுட்டோம்மா!"

"அடிப் பகுதி இன்னும் ஈரமா இருக்குடி. இன்னொரு ஆட்டம் ஆடேன்."

கேப்டன் அதற்குச் சம்மதித்தார். எதிரணி இல்லாமல், எங்களுக்குள்ளேயே சும்மா சுற்றி வந்தோம். அந்த ஆட்டத்தின் நோக்கம் குழாய் காய்வது மட்டும்தான். பல் டாக்டரையும் சேர்த்துக்கொண்டோம். அவர் ஏரிக்குப் போனார். ஏஜெண்ட் மழைக்கோட்டோடு வந்து, ஒரு குழாயை எடுத்து அழுத்திப் பார்த்து, தலையாட்டிவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அப்பா மட்டும், தன் தகடு வேலை செய்துவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது கேப்டன், "உங்க இடத்துக்கு இனி யாரும் வரமாட்டாங்க, தங்கச்சி" என்றார். நன்றி சொல்லிவிட்டு மைக்கை அணைக்கப் போனேன். மெட்ராஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரிடம் நான் கேட்டறியாத ஒரு மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

"டிகிரி, ஒரு டவுட்டு. நம்ம வூட்டு சிஸ்டமும் ரெண்டு நாளா ஹேங் ஆவுது. வைரஸ் பாத்துட்டேன். ராமெல்லாம் தொடச்சிட்டேன். இன்னா பண்லாம்?"

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் மூன்றாவது வருஷமாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"பெட்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"பின்னாடி இன்னா இருக்கும்? செவுரு."

"போயி கைய விட்டுப் பாருங்க."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு அலறல், ஏதோ உருண்டு விழுகிற சத்தம். அவர் திரும்பி வந்து மூச்சு வாங்கினார்.

"பூனை, மேடம்" என்றார்.